தையல் மாஸ்டர் கைக்குப் போகும் படம்: ஆடை ஓவியத்தைப் பென்சிலிலிருந்து மைக்குக் கொண்டுபோகும் முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரத்தில் ஆடை ஓவியத்துக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி கல்யாணத்தைச் சுற்றியே அமைகிறது. முகூர்த்தப் புடவைக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் எம்பிராய்டரி) செய்த ரவிக்கை, வரவேற்புக்கு லெஹங்கா, மஞ்சள் நீராட்டுக்குப் பாவாடை தாவணி என்று பொட்டிக் நடத்துபவர்கள் கேட்பார்கள். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள்தான். ஆனால் ஆவணிக்கும் தைக்கும் வேண்டிய படங்கள் மேசையில் குவிவது அந்த மாதங்களில்தான் என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஆர்டருக்கு வரையும் படத்தை மூன்று பேர் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் அழகைப் பார்ப்பார்கள். கடைக்காரர் விலையைக் கணக்குப் போடுவார். தையல் மாஸ்டரும் ஆரி வேலை செய்பவரும் எங்கே வெட்டுவது, எங்கே ஊசி போடுவது என்று தேடுவார்கள். முதல் இருவருக்கும் பிடித்து, மூன்றாமவருக்குப் புரியாத படம் கடைசியில் துணியைத்தான் பாழாக்கும். கீழே சொல்லியிருக்கும் முறை முழுவதும் அந்த மூன்றாவது ஆளை மனத்தில் வைத்து அமைந்தது.

பென்சிலைத் தொடுவதற்கு முன்

துணி எது, ரவிக்கைக்கு முன் ஹூக்கா பின் ஹூக்கா, கை நீளம் எத்தனை அங்குலம், முதுகுக் கழுத்தின் இறக்கம் எவ்வளவு, புடவையின் கரை எத்தனை அங்குலம், முந்தானையை மடிப்பு வைத்துப் பின் குத்துவார்களா, ஒற்றையாக விடுவார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும்.

வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரிப் படங்களில் ஒரு கண்ணி உண்டு. நிலைக்கண்ணாடி முன் நின்று செல்போனில் எடுத்த படமாக இருந்தால் இடம் வலமாக மாறியிருக்கும். இடது தோளில் கிடக்கும் முந்தானை, வலது தோளில் கிடப்பது போலத் தெரியும். அதைப் பார்த்து அப்படியே வரைந்து, மை போட்டு முடித்த பிறகு, "என்னம்மா, சேட்டு வீட்டுப் பெண் மாதிரி முந்தானை போட்டிருக்கிறீர்கள்?" என்று கடைக்காரர் சிரித்த அனுபவம் எனக்கு உண்டு. நம்மை நோக்கி நிற்கும் பெண்ணின் முந்தானைத் தோள், தாளில் நம் வலக்கைப் பக்கம் வர வேண்டும்.

எட்டுத் தலையா, ஒன்பது தலையா?

தலையின் உயரத்தை அளவாக வைத்துப் பார்த்தால், உண்மையான மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். ஆடை ஓவியத்தில் அதை ஒன்பது தலையாக நீட்டுவது உலக வழக்கம். கூடுதல் நீளம் பெரும்பாலும் கால்களுக்கே போகும். ஏ4 தாள் 29.7 சென்டிமீட்டர் உயரம் என்பதால், தலைக்கு 3 சென்டிமீட்டர் வைத்தால் ஒன்பது தலை 27 சென்டிமீட்டரில் அடங்கி, மேலும் கீழும் சிறிது இடம் மிஞ்சும். கவுனுக்கும் லெஹங்காவுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது.

புடவைக்கு நான் எட்டுத் தலைக்கு மேல் போவதில்லை. கால் நீண்டால் கொசுவம் தோரணம் போலத் தொங்கி, ரவிக்கை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிடும். ஆனால் காசு கொடுத்து ஆரி வேலை செய்யப்போவது அந்த ரவிக்கையில்தான். எட்டுத் தலைக்குக் கணக்கும் எளிது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணை 24 சென்டிமீட்டரில் வரைந்தால், தாளில் ஒரு சென்டிமீட்டர் உடலில் ஏறக்குறைய ஆறே முக்கால் சென்டிமீட்டருக்குச் சமம். அப்படியானால் 4 அங்குலக் கரை தாளில் ஒன்றரை சென்டிமீட்டர் வரும். இதைக் கணக்கிடாமல் கண்மதிப்பில் கரையைப் போட்டால், அரையடிக் கரை வருமென்று பெண் வீட்டார் எதிர்பார்த்து ஏமாறுவார்கள்.

பென்சில் வேலை

முதல் வரைவைச் சாதாரண ஜெராக்ஸ் தாளில் 2எச் பென்சிலால் போடுங்கள். கழுத்துக்குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இறக்கினால், உடலின் பாரம் தாங்கும் பாதத்தின் மேல் அது வந்து விழ வேண்டும். விழவில்லையென்றால் உருவம் சாய்ந்து நிற்பது போலத் தோன்றும். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் தாழும். புடவைக்குக் கால்களை அகட்டி வைக்கும் நிலை வேண்டாம். ஒரு பாதத்தை மட்டும் சற்று முன்னே வைத்தால் கொசுவம் விரியாமல் ஒழுங்காக இறங்கும். உடலை முழுதாக வரைந்த பிறகே அதன்மேல் துணியைப் போர்த்த வேண்டும். துணியை முதலில் வரைந்து உள்ளே உடலைத் திணித்தால் இடுப்பு எங்கே என்று மாஸ்டருக்குத் தெரியாது. கொசுவ மடிப்புகளின் திறந்த வாய் உடுத்தியவரின் இடப்பக்கம் பார்த்திருக்கும். மடிப்புகள் ஐந்தோ ஏழோ காட்டினால் போதும்.

இந்தக் கட்டத்தில் பென்சில் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதில் எழுத்தில் வந்த பின்னரே மையைத் திறக்க வேண்டும். பென்சில் நிலையில் இரண்டு திருத்தம் இலவசம், மை போட்ட பிறகு கேட்கும் மாற்றம் புதுப்படம் என்று ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர் கடை என்று ஒரு முறை இந்த விதியைத் தளர்த்தி, ஒரே லெஹங்காவை நான்கு முறை மையில் வரைந்தேன்.

ஒப்புதல் வந்த வரைவை நல்ல தாளுக்கு மாற்ற வேண்டும். 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள தாளென்றால் காலை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் ஒட்டி வைத்துக் கோட்டை எடுத்துவிடலாம். 300 ஜி.எஸ்.எம். தாளில் வெளிச்சம் சரியாக ஊடுருவாது. அந்தத் தாளுக்கு, வரைவின் பின்பக்கம் மென்மையான 4பி பென்சிலைத் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடுகளின் மேல் அழுத்தாமல் ஓட்டுங்கள். தாள் வழவழப்பான ஹாட் பிரஸ்டு வகையாக இருக்கட்டும். சொரசொரப்புத் தாளில் ஜரிகைப் புள்ளிகள் சிதறும்.

மை

மை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காய்ந்த பின் நீரில் கரையக் கூடாது. தொடக்கத்தில் நான் எழுதும் பேனா மையால் ஒரு பட்டுப் புடவையை வரைந்து, இரவு பத்து மணிக்கு அதன்மேல் அரக்கு நிறத்தைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டினேன். கரைக்கோடுகள் அத்தனையும் ஊதா நிறத்தில் ஓடின. காலையில் கொடுக்க வேண்டிய படம் அது. அன்றிலிருந்து பிக்மெண்ட் மை உள்ள பேனாவோ, கார்பன் கருமை கொண்ட இந்தியன் இங்கோ தவிர வேறெதையும் தொடுவதில்லை. இந்தியன் இங்கில் அரக்குப் பசை சேர்ப்பது வழக்கம் என்பதால் அதை எழுதும் பேனாவில் ஊற்றக் கூடாது, அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் மட்டுமே அது. ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டுவதாக இருந்தால், அதே தாளின் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். நீருக்கு அசையாத சில மைகள் ஆல்கஹாலுக்கு இளகும்.

பேனாவின் மேல் போட்டிருக்கும் எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பிக்மா மைக்ரான் என்ற வகைப் பேனாவில் 01 என்றால் 0.25 மில்லிமீட்டர், 05 என்றால் 0.45, 08 என்றால் 0.5. முகத்துக்கும் ஜரிகை வேலைக்கும் 01, உள்மடிப்புகளுக்கு 03, வெளிக்கோட்டுக்கு 05 என்று மூன்று பேனா இருந்தால் தொடங்கிவிடலாம். அழுத்தமான நிழல் கோடுகளுக்கு 2ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று வேண்டும். பாரிஸின் டியோர் நிறுவனத்துக்கு வரைந்த ரெனே க்ருவோ, தூரிகையில் இழுத்த ஒரே தடித்த கோட்டில் ஒரு மேலாடையின் முழுக் கனத்தையும் காட்டியவர். அவருடைய படங்களில் எங்கே கோடு நிற்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று பார்ப்பதே ஒரு பாடம்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் மதிய வெயிலில் நிப்பு நுனியிலேயே மை காய்ந்துவிடும். அதற்காகக் குழாய்த் தண்ணீரை மையில் கலக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். மை பால் திரிவது போலத் துகள் துகளாகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு போதும். கையின் வியர்வை பட்ட இடத்தில் மை பிடிக்காது அல்லது பரவும் என்பதால், கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்க வேண்டும். நான் மை வேலையை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொள்கிறேன்.

முகத்தையும் கைவிரல்களையும் முதலில் முடியுங்கள். அவை கெட்டால் பத்து நிமிட உழைப்புதான் வீண். புடவை முழுவதையும் முடித்துவிட்டு மூக்கைக் கெடுத்தால் ஒரு நாள் போகும். அதன் பிறகு, வலக்கைக்காரர் தாளின் இடது மேல் மூலையிலிருந்து இறங்கி வரலாம். கோட்டை விரலால் இழுக்காமல் முழங்கையிலிருந்து, மூச்சை விட்டபடி இழுங்கள். தாளைத் திருப்பித் திருப்பி, கைக்கு வசமான திசையில் வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு துணிக்கும் கோடு வேறு. ஜரிகை நெருங்கிய பட்டு விறைப்பானது; அதன் மடிப்பு வளையாது, உடையும். முழங்கையருகே முந்தானை மடியும் இடத்தைப் பாருங்கள்: ஒரு நேர்க்கோடு வந்து, கூர்மூலையில் திரும்பி, இன்னொரு நேர்க்கோடாகப் போகும். அந்த மூலையில் பேனாவை ஒரு கணம் நிறுத்தி அழுத்தி எடுத்தால் மை சற்றுத் திரண்டு நிற்கும். வெளிச்சம் படும் பக்கத்தில் கோட்டை அரை சென்டிமீட்டர் அறுத்துவிட்டால் பட்டின் மினுமினுப்பு அந்த வெற்றிடத்திலேயே வந்துவிடும். தருமபுரி அங்காடியில் பட்டுக்கூடு ஏலம் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்களுக்கும், நெய்து முடித்த பட்டு எப்படி மடியும் என்பது கையில் எடுத்து மடித்துப் பார்த்தால்தான் விளங்கும். ஜார்ஜெட்டுக்கு இதற்கு நேர்மாறாக, தோளில் தொடங்கி முழங்கால் வரை எடுக்காத ஒரே மெல்லிய கோடு வேண்டும். வெல்வெட்டுக்கு வெளிக்கோட்டையே தவிர்த்து, ஓரத்தில் குறுங்கோடுகளை நெருக்கிப் போடலாம். நெட் துணிக்கு முழுவதும் வலை வரைந்தால் கொசுவலை போலாகிவிடும்; மடிப்பு இரண்டாக விழும் இடத்தில் மட்டும் வரையுங்கள்.

கரையின் மயிலும் அன்னமும் அப்படித்தான். கண் விழும் ஓரிடத்தில் ஒரு மயிலை முழுதாக வரைந்து, அதன் இருபுறமும் கோடு கோடாகக் குறைத்து, மடிப்புக்குள் போகும்போது புள்ளியாக முடித்துவிடலாம். மடிப்பின் பின்னே போன உருவம் மறுபக்கம் எங்கே தலைகாட்டும் என்பதைப் பென்சிலில் தொடர்ந்து வரைந்து சரிபார்த்துக்கொண்டால் கரை தாண்டிக் குதிக்காது.

குறைந்தது அரை மணி நேரம் காய விட்டு, பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றிப் பென்சிலை எடுங்கள். சிறு பிசகை 300 ஜி.எஸ்.எம். தாளில் பிளேடு நுனியால் சுரண்டிவிடலாம், ஆனால் சுரண்டிய இடத்தில் மறுபடி மை போட்டால் பரவும். அங்கே வெள்ளை ஜெல் பேனாவே மேல்.

மாஸ்டருக்கான தனிப் படம்

நிற்கும் உருவத்தில் முந்தானை ரவிக்கையின் பாதியை மறைத்துவிடும். எனவே இன்னொரு தாளில் ரவிக்கையை மட்டும், உடல் இல்லாமல், தட்டையாக விரித்து வைத்தது போல முன்பக்கமும் முதுகும் வரைய வேண்டும். இங்கே கோட்டில் ஏற்ற இறக்கம் வேண்டாம். ஒரே தடிமன் போதும். கழுத்து இறக்கம், கை நீளம், கயிறு கட்டும் இடம் ஆகியவற்றை அங்குலத்தில் எழுதுங்கள். எங்கே ஜர்தோசி (உலோக இழை வேலை), எங்கே மணி, எங்கே சாதா சங்கிலித் தையல் என்று அம்புக்குறி போடுங்கள். தொங்கும் குஞ்சத்தை மறந்தால் கேள்வி வரும். இந்தப் படத்துக்குப் பலர் காசு கேட்பதில்லை. நான் கேட்கிறேன், ஏனென்றால் ஆரி வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பது இதைத்தான்.

கொடுக்கும்போது

கோட்டுப்படத்தை 600 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு 300 டி.பி.ஐ.யில் அனுப்பினால் போதும். ஏ4 அளவுக்கு அது 2480க்கு 3508 பிக்சல் வரும்.

உரிமையைப் பற்றி ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். உங்கள் படத்தை உங்கள் மாதிரிப் புத்தகத்தில் வைக்கவும் வேறு கடைக்குக் காட்டவும் அனுமதி வேண்டுமென்றால், முன்பணம் வாங்கும் நாளிலேயே அதை எழுதிவிட வேண்டும். கடைக்காரர் அதைத் தன் விளம்பரப் பலகையில் போடப்போகிறார் என்றால் அதற்குத் தனித் தொகை பேசுங்கள்.

மூலப்படத்தை ஓசூருக்கோ பெங்களூருக்கோ பார்சலில் அனுப்பும்போது சுருட்டாதீர்கள். தடித்த தாளில் சுருள் விழுந்தால் தீட்டிய வண்ணம் வெடிக்கும். பட்டர் தாளால் மூடி, படத்தைவிட ஓர் அங்குலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மழை நாளென்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். ரவிக்கையின் தட்டைப் படத்தை அதே உறைக்குள் மறக்காமல் வையுங்கள்.