ஹார்மோனா, எத்தனாலா? கடல் முள்ளெலி முட்டையில் ஏமாறும் இடங்கள்

"எஸ்ட்ரடயோல் என்ற பெண் ஹார்மோனைச் சேர்த்தோம், முதல் பிரிவு தாமதமானது, ஆகவே ஹார்மோன் செல் பிரிவைத் தடுக்கிறது." கருவுற்ற கடல் முள்ளெலி முட்டையில் ஹார்மோன் விட்டுப் பார்த்த செய்முறைக்கு இப்படி ஓர் அறிக்கை வந்தால் நான் முதலில் கேட்பது, ஹார்மோனை எதில் கரைத்தீர்கள் என்பதைத்தான்.

எஸ்ட்ரடயோல், புரோஜெஸ்டிரோன் போன்றவை கடல்நீரில் லேசில் கரையாது. எத்தனாலில் கரைத்துத்தான் விடுவார்கள். அளவு கூடினால் அந்த எத்தனாலே பிரிவைத் தாமதப்படுத்தும். வெறும் கடல்நீரில் வைத்த முட்டைகளோடு ஒப்பிட்டால் போதாது. ஹார்மோன் இல்லாமல், அதே அளவு எத்தனால் மட்டும் விட்ட கிண்ணம் ஒன்றும் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அட்ரினலினின் உப்பு வடிவம் நீரில் கரையும், சரி. ஆனால் கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உள்ளது. அதில் அட்ரினலின் ஆக்சிஜனேற்றமாகி இளஞ்சிவப்பாகிவிடும். காலையில் கலக்கியதை மாலையில் ஊற்றினால் முட்டைக்குப் போய்ச் சேர்வது வேறு பொருள்.

அடுத்தது வெப்பம். ஊதாக் கடல் முள்ளெலியின் முட்டை 15 டிகிரியில் முதல்முறை பிளக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு கிண்ணம் விளக்கடியில், இன்னொன்று ஏசிக்குக் கீழே இருந்தால் போதும், 'ஹார்மோன் விளைவு' தயார். விந்தணுவையும் தாராளமாக ஊற்றாதீர்கள். ஒன்றுக்கு மேல் நுழைந்த முட்டை இரண்டாகப் பிளக்காமல் ஒரேயடியாக மூன்று, நான்காகப் பிளக்கும். அந்தப் பழியும் ஹார்மோன் தலையில்தான் விழும்.

நட்சத்திரமீனோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அதன் முட்டையை முதிரவைக்கும் ஹார்மோன் 1-மெத்தில்அடினைன். கடல் முள்ளெலி முட்டையோ முதிர்வதற்கான ஒடுக்கற்பிரிவைச் (மெயோசிஸ்) சூலகத்துக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதில் போய் இதை ஊற்றுவது வெந்த சோற்றை மறுபடி உலையில் போடுகிற வேலை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது விளக்கத்தில் வரும் தவறு. நம் உடலில் எஸ்ட்ரடயோல் ஏற்பியோடு சேர்ந்து ஜீன்களை முடுக்கிவிடுகிறது என்று படித்ததை அப்படியே இங்கே எழுதிவிடுகிறார்கள். முதல் சில பிரிவுகளுக்கு ஜீன்களைப் புதிதாக ஆர்என்ஏவாகப் படியெடுக்கவே தேவையில்லை. தாய் முட்டையில் சேர்த்துவைத்த ஆர்என்ஏ போதும். ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைக் கொடுத்துப் படியெடுப்பை அடக்கினாலும் முட்டை பிளந்துகொண்டே போகும். உட்கருவே இல்லாத முட்டைத் துண்டுகூடத் தூண்டினால் பிளக்கும் என்று உயிரியலாளர் எதெல் பிரௌன் ஹார்வி 1936இல் காட்டிவிட்டார். புரத உற்பத்தியை நிறுத்தினால்தான் கதை மாறும். ஒவ்வொரு பிரிவுக்கும், செல் பிரிவை முடுக்கும் புரதமான சைக்ளின் புதிதாகச் சேர்ந்தாக வேண்டும். உயிர்வேதியியலாளர் டிம் ஹண்ட் 1982இல் அதைக் கண்டுபிடித்ததே கடல் முள்ளெலி முட்டையில்தான். ஆகவே எல்லாக் கிண்ணங்களையும் சரிபார்த்த பிறகும் தாமதம் தெரிந்தால், சைக்ளின் சேர்வதிலோ முட்டைக்குள் ஏறி இறங்கும் கால்சியம் அளவிலோ தேடுங்கள். ஜீனை அப்புறம் பார்க்கலாம்.