தாழ்த்திய கார் துள்ளாமல் ஓட

நான் வாங்கும்போதே அந்தக் கார் தாழ்த்தப்பட்டுத்தான் இருந்தது. பார்க்க அழகு, ஓட்டினால் அவஸ்தை. சின்ன மேடு ஏறினாலே பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்கும். பள்ளத்தில் 'டக்'கென்று இடிக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் மட்டும் குட்டை, அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்த பழையதேதான். ஷாக்கின் தண்டில், அது முழுக்க அமுங்கி இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கி வெடித்திருந்தது.

உயரம் குறைந்தால் சக்கரம் மேலெழும்ப இடம் குறையும். அதை ஈடுகட்டத்தான் ஸ்பிரிங்கை விறைப்பாகச் செய்கிறார்கள். அந்த விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தை அடக்கப் பழைய ஷாக்குக்கு வலு போதாது.

30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும் அதற்கென்றே வடிவமைத்த குட்டை ஷாக்கும் ஒரே செட்டாக வாங்கினேன். 50 மி.மீ. செட்டும் இருந்தது, நிறுத்திவைத்துப் பார்க்க மட்டும் என்றால் சரி. ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்கும் பேச்சே வேண்டாம். ஜாக்கியில் தூக்கினால் சுருள் இடம் விட்டு நழுவிவிடலாம்.

மாட்டும்போது லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் எனும் ரப்பர் உறையின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவில்லை. எடை தரையில் இறங்கிய பிறகே இறுக்கினேன், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம். கேம்பரோடு (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருந்தது. டோவை அப்படியே விட்டால் டயர் விளிம்பு தேய்ந்துபோகும்.

இப்போது மேடு ஏறி இறங்கினால் ஒரே அசைவில் அடங்குகிறது. கொஞ்சம் விறைப்புதான், பின்சீட்டில் முணுமுணுப்பு உண்டு.