சொந்த ஊர்க் கோயில் சுவரை வாசிப்பது எப்படி

புனேயில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து 16 வருடம் ஆகிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவேன். முன்பெல்லாம் அந்த லீவு முழுவதும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் போய்விடும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பொங்கல் சமயம், சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்ற அதே சிவன் கோயில் சுவரில் ‘விளக்கு’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கல்லில் இருந்த சொல் வீட்டில் பேசும் சொல்லாகவே இருந்தது. அன்றிலிருந்து ஊருக்குப் போவது எனக்கு விட்ட இடத்திலிருந்து படிக்கப் போவதுதான்.

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம். வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. கல்வெட்டு என்றதும் பலரும் அரசனைத் தேடிப் போகிறார்கள். நான் கணக்கு எழுதுகிறவள், ஆட்டைத் தேடுங்கள் என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கே பார்ப்பது? கருவறையின் வெளிச்சுற்றில், சுவருக்குக் கீழே படிபடியாக வரும் அடித்தளத்தை அதிட்டானம் என்பார்கள். அதில் பட்டையாக நீளும் ஜகதியிலும், அதற்கு மேலே உருண்டோ முப்பட்டையாகவோ வரும் குமுதத்திலும் எழுத்து இருக்கும். சுவரிலும் அரைத்தூண்களுக்கு நடுவிலும் வாசல் நிலைக்காலிலும்கூடப் பாருங்கள். கோயில் செங்கல்லாகவோ புதிதாகவோ இருந்தால் ஏரி மதகு, குமிழித்தூம்பு (ஏரிக்குள் கல்தூண்களோடு நிற்கும் மதகு), எல்லைக்கல் பக்கம் போங்கள். தருமபுரி, செங்கம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நடுகற்கள் இருக்கின்றன. மதுரைக்குத் தெற்கே உள்ள பழைய கோயில்களில் வட்டெழுத்து என்ற வேறொரு பழைய எழுத்துமுறை வரும். அதற்குத் தனியாகப் பழக வேண்டும், நான் இங்கே சொல்வது சோழநாட்டுத் தமிழெழுத்துக்கு.

முதல் பொங்கலில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். இரண்டு அரைத்தூண்களுக்கு இடையே இருந்த பகுதியைப் புத்தகத்தின் ஒரு பக்கமாக நினைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒன்பது வரிகளை நோட்டில் எழுதினேன். நாலு நாள் உட்கார்ந்தும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒட்டவில்லை. அப்பாதான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இது தூணைத் தாண்டி அந்தப் பக்கம் போகுதேம்மா.” உண்மைதான். ஒரு வரி சுவரின் முழு நீளத்துக்கும் ஓடி, தூணின் மேலேயே ஏறி இறங்கி, சில இடத்தில் மூலை திரும்பியும் போகும். அதன் பிறகுதான் இரண்டாவது வரி. ஆகவே படிப்பதற்கு முன்னால் வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலை வைக்காமல் கண்ணாலேயே நடந்து பாருங்கள். தொடக்கத்தைக் கண்டுபிடிக்க ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல் உதவும். அது கிரந்தத்தில், அதாவது வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்தில் இருக்கும். அதன் வடிவத்தை மட்டும் படமாக மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது வெளிச்சம். நேர் வெயிலில் எழுத்து மறைந்துவிடும், சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் வெட்டின பள்ளத்தில் நிழல் கட்டும். கிழக்கு பார்த்த கோயிலின் தென்சுவருக்கு மார்கழி, தை மாதக் காலையும் மாலையும் நல்ல நேரம், சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால். வடசுவர் அப்போது நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். ஆனி மாதத்தில் நம் பக்கம் உச்சி நேரத்துச் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்கும். அப்போது வெயில் மேலிருந்து வடபுற அடித்தளத்தை உரசிக்கொண்டு இறங்கும். எனக்கு ஆனியில் லீவு கிடைப்பதில்லை. அதனால் கைக்கண்ணாடி. வெயில் விழும் இடத்தில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவருக்குப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அந்த வேலையை எங்கள் வீட்டில் அண்ணன் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். இருட்டின பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் நடக்கும்.

இனி எழுத்து. சோழர்காலத் தமிழெழுத்து நம் எழுத்தின் மூத்த வடிவம்தான், க, ட, ப, வ எல்லாம் முதல் பார்வையிலேயே தெரியும். கஷ்டம் வேறு இடத்தில். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. சொற்களுக்கு நடுவே இடம் விட மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அப்படியே. இரட்டைச்சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்து மாற்றம். கால் போலவே ரகரமும் ஒற்றைக் கோடாக நிற்கும். ஆக, சுவரில் நீங்கள் பார்ப்பது ‘திருநொநதாவிளககுஒனறு’ என்பது போல இருக்கும். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘திருநொந்தா விளக்கு ஒன்று’ என்று காது பிடித்துக்கொள்ளும். வாய்விட்டுப் படிப்பது இதில் மிக முக்கியம். கண் திணறும் இடத்தில் காது கண்டுபிடிக்கும்.

இதற்குப் பயிற்சி ரயிலிலேயே செய்யலாம். ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து நாலு வரியைப் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல், நெடில் கொம்பையெல்லாம் குறிலாக்கி நோட்டில் எழுதுங்கள். அரைமணி நேரம் வேறு ஏதாவது படித்துவிட்டு, அதைத் திரும்ப வாசியுங்கள். மூன்று பயணத்தில் தடுக்காமல் வரும்.

சரி, ஆடு. சிவன் கோயிலில் எரியும் அணையா விளக்குக்கு நொந்தா விளக்கு, நந்தா விளக்கு என்று பெயர். அந்த விளக்குக்கு ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். ஓர் இடையர் அவற்றை வாங்கிக்கொண்டு தினமும் நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு ஆடு 96, அல்லது பசு 48, அல்லது எருமை 16. நிசதம், அதாவது தினமும், ஓர் உழக்கு நெய். ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும், 90 ஆடு என்று வரும் ஊர்களும் உண்டு. இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாது, மூப்படையாது. ஆடு சாகும்தான். ஆனால் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது வாங்கியவர் பொறுப்பு. முதல் அப்படியே நிற்கும், வரவு மட்டும் விளக்கில் எரியும். பணமாகக் கொடுத்தால் அதற்கும் கணக்கு உண்டு. தஞ்சையில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு பொலிசை என்று வருகிறது. பொலிசை என்றால் வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதை முதன்முதலாகப் படித்த அன்று, என் மேஜையில் உட்கார்ந்திருந்த இன்னொருவரின் பேரேட்டைத் திறந்தது போல இருந்தது எனக்கு.

ஆட்டைத் தேடச் சொல்வது இதனால்தான். தானக் கல்வெட்டுகளில் ஆடு, விளக்கு, நெய், உழக்கு, நிசதம், சந்திராதித்தவல் (சந்திரனும் சூரியனும் உள்ளவரை) என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்றைப் பிடித்தால் பக்கத்தில் மற்றதைக் கணிக்கலாம். எண்ணும் அங்கேதான் இருக்கும். 96 என்பதை எழுத்தால் எழுதியிருப்பார்கள், அல்லது ௯௰௬ என்று குறியால் வெட்டியிருப்பார்கள். ஒன்பது, பத்து, ஆறு. சேர்த்துத் தொண்ணூற்று ஆறு. பார்வைக்குக் ‘கூயசு’ என்று அர்த்தமில்லாத சொல் போலத் தோன்றும். இப்படி அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் கண்டால் உடனே எண்ணாக இருக்குமோ என்று பாருங்கள். ௱ வந்தால் நூறு, ௲ வந்தால் ஆயிரம்.

உழக்கு என்றால் எவ்வளவு என்று அம்மாவிடம்தான் கேட்டேன். அரிசிப் பானைக்குள் கிடக்கும் பித்தளை ஆழாக்கை எடுத்துக் கையில் கொடுத்து, “இது ரெண்டு” என்றார். அளவின் கொள்ளளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, பெயர் அப்படியே அரிசிப் பானைக்குள் இருக்கிறது. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இந்த வாய்ப்பாட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், இணையத்தில் தேடாதீர்கள். அந்தப் பேச்சு இன்னும் எங்கெங்கோ போகும்.

அரசனுக்கு வருவோம். ‘கோவிராஜகேசரி’ அல்லது ‘கோப்பரகேசரி’ என்றும், பிறகு ‘யாண்டு’ என்றும் வரும். யாண்டு என்பது அவர் பட்டத்துக்கு வந்த பிறகான ஆண்டு. இந்த இரண்டு பட்டங்களையும் சோழர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ஆகவே வெறும் ராஜகேசரி என்று மட்டும் இருந்தால் இன்ன அரசர் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். ‘மதிரை கொண்ட’ என்று இருந்தால் முதலாம் பராந்தகன். ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தி (அரசனைப் புகழும் முன்பகுதி) தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன், ‘புயல் வாய்த்து’ என்றால் மூன்றாம் குலோத்துங்கன். ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985. அவருடைய 25ஆம் ஆண்டு 1009–10இல் வரும். முதல் ஆண்டையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் ஒன்றைக் கழிக்க மறக்கக் கூடாது.

எழுத்து பழக ஒரு நாள் தஞ்சாவூர் போய் வாருங்கள். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் கண்ணுக்கு நேராக, அச்சடித்தது போல எழுத்து. தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறார் ராஜராஜன். அரசர் தன் அக்காவை ‘அக்கன்’ என்கிறார் பாருங்கள். அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நீங்கள் படித்ததைச் சரிபார்க்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறை ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற வரிசையை 1890 முதல் வெளியிட்டிருக்கிறது. ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகத் தொகுதிகள் போட்டிருக்கிறது. பல தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடைக்கும். ஆனால் நாலு வரியாவது சொந்தமாகப் படித்த பிறகு அதைத் திறங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் கண் சுவரைப் பார்க்காது, நினைவிலிருப்பதையே பார்க்கும்.

கோயிலுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதில் நான் கண்டிப்பு. குருக்களிடமும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சன்னிதிக்குள் படம் எடுக்காதீர்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்புக்கட்டி, கோலமாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் தடவக் கூடாது. ஒட்டடை, தூசிக்கு மென்மையான துணி போதும். மைப்படி எடுப்பது, அதாவது தாளை ஒற்றி மை தடவி எழுத்தைப் பிரதி எடுப்பது, தெரிந்தவர்கள் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. நமக்குப் போனும் நோட்டும் போதும். ஒவ்வொரு படத்திலும் பக்கத்துப் படத்தின் இரண்டு எழுத்து சேர்ந்து வருமாறு எடுங்கள், பிறகு ஒட்டிப் படிக்கலாம்.

படத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் கோயில் திருப்பணியில் கல்லைப் பளிச்சென்று ஆக்க மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அடுத்த ஆடிக்குப் போனபோது தென்புறக் குமுதத்தில் பாதி எழுத்து மழுங்கிக் கிடந்தது. ‘வைத்த திருநொந்தா விளக்கு ஒன்றுக்கு’ என்பது இருக்கிறது, ஆடு இருக்கிறது, உழக்கு நெய் இருக்கிறது. வைத்தவர் பெயர் இருந்த இடம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஒருத்தருடைய மனைவி என்பது வரைக்கும்தான் நான் முன்னால் படித்திருந்தேன், மீதியைப் பொங்கலுக்குப் படிக்கலாம் என்று விட்டிருந்தேன். படம் எடுக்கவில்லை. அன்று கோயில் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன்.

புனே திரும்பின பிறகு பழைய ஆண்டறிக்கையில் எங்கள் ஊர்ப்பெயரைத் தேடினேன். நூறு வருடத்துக்கு முன் யாரோ வந்து படி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒற்றை வரிக் குறிப்புதான், அதில் அந்த அம்மாவின் பெயர் முழுதாக இருந்தது. போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். பொங்கலுக்குப் போனபோது பெரிய எழுத்தில் அதை எழுதிக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய், அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லி ஏற்றினார்.