இஸ்ரேல்–பாலஸ்தீன சமாதானம்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினைக்குத் தீர்வு வருமா என்று பேச ஆரம்பித்தாலே, "அது மூவாயிரம் வருஷத்துச் சண்டை, தீராது" என்று யாராவது முடித்துவைத்துவிடுவார்கள். முதல் தவறு இதுதான். மதமும் பழைய நினைவுகளும் இதில் கலந்திருப்பது உண்மை. ஆனால் தீர்க்க வேண்டிய கேள்விகள் கடந்த நூறு ஆண்டுகளில் பிறந்தவை. 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தார்கள். 1967 போரில் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் மூன்றும் இஸ்ரேல் வசம் போயின. எல்லை எங்கே, ஜெருசலேம் யாருக்கு, அகதிகள் எங்கே போவார்கள், தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயங்கள்.

அடுத்த தவறு, கைகுலுக்கும் படத்தை வைத்து நிலைமையை எடைபோடுவது. 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது இஸ்ரேல் பிரதமர் ரபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கினார்கள். உலகமே நெகிழ்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு இருவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் பலர் கவனிக்கவில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேல் என்ற நாட்டின் இருப்புரிமையை ஏற்றது. இஸ்ரேலோ அந்த இயக்கத்தைப் பாலஸ்தீனர்களின் பிரதிநிதி என்று மட்டுமே ஏற்றது. தனி நாடு என்ற பேச்சே அதில் இல்லை. கடினமான கேள்விகள் எல்லாம் ஐந்து ஆண்டு இடைக்காலத்துக்குள் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடப்பட்டன.

அந்த இடைக்காலம் இன்னும் முடியவில்லை. 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. சுமார் 60 சதவீத நிலம் சி பகுதி. அங்கே முழுக் கட்டுப்பாடும் இஸ்ரேலிடம். ஒரு பாலஸ்தீனக் குடும்பம் அங்கே கூடுதலாக ஓர் அறையோ மழைநீர்த் தொட்டியோ கட்ட ராணுவ நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைப்பது மிக அரிது. அனுமதி இல்லாமல் கட்டினால் புல்டோசர் வரும். ஓஸ்லோ சமயத்தில் மேற்குக் கரையில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த யூதக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே இப்போது சுமார் 5 லட்சம். 2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே ஈ1 என்ற இடத்தில் சுமார் 3,400 வீடுகளுக்கு ஒப்புதல் தரப்பட்டது. மேற்குக் கரை நகரங்களான ரமல்லாவையும் பெத்லகேமையும் இணைக்கும் நிலம் அது. அங்கே வீடுகள் எழும்பினால், பாலஸ்தீன நாடு எந்த வரைபடத்தில் அமையும்? சமாதானம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று பார்க்க, மாநாட்டு அறிக்கைகளைவிட இந்தக் கட்டுமான ஒப்புதல்கள் எனக்கு அதிகம் சொல்கின்றன.

இரு தரப்பையும் ஒரே ஆளாக நினைப்பதும் தவறு. ரபினைச் சுட்டுக் கொன்றவர் ஒரு யூத இஸ்ரேலியர். ஓஸ்லோவைக் குலைக்கப் பேருந்துகளில் குண்டு வைத்தது பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ். அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொண்டதோ அராஃபத்தின் இயக்கம். 2006க்குப் பிறகு பாலஸ்தீனர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை. அப்படியிருக்க, அவர்கள் சார்பில் யார் கையெழுத்துப் போட்டால் மக்கள் ஏற்பார்கள்?

அப்புறம், போர்நிறுத்தத்தைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்வது. 2025 அக்டோபரில் காசாவில் போர்நிறுத்தம் வந்தபோது பிணைக்கைதிகளின் குடும்பங்களும் கூடாரங்களில் கிடந்த மக்களும் அழுது கொண்டாடியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு அடிப்படையான ட்ரம்பின் 20 அம்சத் திட்டத்தில் பாலஸ்தீன நாடு கடைசியில், நிபந்தனைகளோடு வரும் ஒரு வாய்ப்பாகத்தான் இருக்கிறது.

நம்பிக்கையே இல்லை என்று கைவிரிப்பதும் தவறுதான். 1973இல் எகிப்தும் இஸ்ரேலும் கடும் போர் செய்தன. 1977இல் எகிப்து அதிபர் சதாத் ஜெருசலேமுக்கே போனார். 1979இல் ஒப்பந்தம் ஆனது. 1982இல், எகிப்துக்குத் திருப்பித் தந்த சினாயிலிருந்த யமித் குடியேற்றத்தை இஸ்ரேல் ராணுவமே காலி செய்து இடித்தது; அப்போது பாதுகாப்பு அமைச்சர் ஷரோன். அதே ஷரோன் 2005இல் பிரதமராக இருந்து காசாவிலிருந்து சுமார் 8,000 குடியேறிகளை வெளியேற்றினார். அந்த முறை எதிர்த்தரப்போடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. இரண்டே ஆண்டில் காசா ஹமாஸ் கைக்குப் போனது. எகிப்துடன் போட்ட ஒப்பந்தமோ காசா போரையும் தாங்கி இன்றும் நிற்கிறது.