ஊருக்குப் போகும்போது வாட்ச்சுக்கும் லீவு: பயணத்தில் உடல்நல வழக்கங்களைத் தள்ளிவைப்பது எப்படி?

விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடை, வந்ததும் வெந்நீரில் எலுமிச்சை, பதினொரு மணி வரை விரதம், ராத்திரி பத்துக்குத் தூக்கம். சென்னையில் இதெல்லாம் ஒழுங்காக ஓடும். நாலு நாள் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனால் முதல் நாளே எல்லாம் குலைந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், குலைந்துவிட்டதே என்று மண்டபத்தில் உட்கார்ந்து புழுங்குவதுதான் தொல்லை. எதை விடப்போகிறோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் அந்தப் புழுக்கம் பெரும்பாலும் வராது. ஒரு வாரத்துக்குள் முடிகிற பயணத்துக்கான முறை இது.

1. ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு பக்கம் டாக்டர் சொன்னவை: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, முட்டி வலிக்கான பிசியோதெரபி. இவற்றில் கை வைக்கவே கூடாது. மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையில் வையுங்கள். மறுபக்கம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை: விரதம், ஜூஸ், நடைக் கணக்கு, பத்து மணித் தூக்கம். இந்தப் பக்கம் முழுவதையும் விடலாம். ‘இது ஒன்று மட்டும் இருக்கட்டுமே’ என்று பேரம் பேச ஆரம்பித்தால் பட்டியல் மறுபடி நீண்டுவிடும்.

2. பையை இளைக்க வையுங்கள்

யோகா பாய், சத்துமாவு டப்பா, புரோட்டீன் பவுடர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சுமந்துகொண்டு போய்விட்டு, திறக்கவே இல்லையே என்று வருந்த வேண்டாம்.

3. வாட்ச்சின் வாயை அடையுங்கள்

ஆப்பிள் வாட்ச் என்றால், 2024-ல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 மென்பொருளிலிருந்து, அன்றாட அசைவு, உடற்பயிற்சி, எழுந்து நிற்பது ஆகியவற்றைக் காட்டும் அந்த மூன்று வளையங்களையும் சில நாள் நிறுத்திவைக்கலாம். விடாமல் எத்தனை நாள் முடித்தோம் என்ற தொடர் கணக்கு அறுந்துபோகாது. வேறு கம்பெனி வாட்ச் என்றால் ‘எழுந்து நட’ வகை நினைவூட்டல்களையாவது அணைத்துவிடுங்கள். தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்பதே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். ஏதோ மருத்துவ விதி என்று நினைத்து, மண்டப வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டியதில்லை.

4. இலையில் விழுவதைச் சாப்பிடுங்கள்

கஷ்டமான படி இதுதான். காலை ஏழரைக்கு அத்தை பொங்கலும் வடையும் வைத்து, “வெறும் வயித்தோட எங்கப்பா கிளம்புற?” என்பார். அங்கே பதினாறு மணி நேர விரதத்தைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்காக வயிறு முட்டச் சாப்பிட வேண்டும் என்றில்லை. “போதும் அத்தை” என்று இலையின் மேல் கையை நீட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தட்டைப் படம் எடுத்துக் கலோரி பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

5. தூக்கம்

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் மதுரை வந்துவிடும். அதில் எட்டு மணி நேரத் தூக்கத்தை எங்கே தேடுவது? மதியம் கண் சொக்கினால் கொஞ்சம் சாயுங்கள். அவ்வளவுதான்.

6. திரும்பி வந்ததும்

எடை மெஷினில் உடனே ஏறாதீர்கள். கல்யாணச் சாப்பாட்டின் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து கிளைகோஜனாக, அதாவது உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரையாகச் சேரும்போது, அதன் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே சேரும். நாலே நாளில் ஏறியதாகக் காட்டும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். சில நாளில் தானாக இறங்கும். அப்புறம் ஏறிப் பாருங்கள்.

ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாததால் வலிமையும் கரைந்துவிடாது. அதனால் ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பதோ, இரண்டு மடங்கு ஓடுவதோ வேண்டாம். முதல் நாள் வழக்கத்தில் பாதி, மறுநாள் முழுசு.

மாதக்கணக்கில் மகன் வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் முதல் வாரத்தை இப்படிக் கழித்துவிட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து அந்த ஊருக்குத் தோதாக ஒரு நடையையாவது தொடங்கிவிட வேண்டும்.