ஊருக்காகப் பொதுநல வழக்கு: எங்கிருந்து தொடங்குவது?

ஊருக்காகப் போடும் பொதுநல வழக்கு என்ன செய்யும் என்பதைத் தர்மபுரிக்காரர்களுக்குப் புரியவைக்க வாச்சாத்தி ஒன்றே போதும். 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து அந்த ஊரில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து பழங்குடி மக்கள்மீது நடத்திய தாக்குதல், பாலியல் வன்கொடுமை குறித்த வழக்கு, மனு நீதிமன்றப் படியேறிய பிறகுதான் 1995-ல் சிபிஐ கைக்குப் போனது. 2011-ல், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சரி, உங்கள் மலைக்கிராமத்துக்கு ரோடு இல்லை, பிரசவ வலி வந்தவரை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், இது ஊர்ப் பிரச்சினைதானா என்று பாருங்கள். உங்கள் பட்டாத் தகராறு, சம்பளம், பணிமாறுதல் எல்லாம் இதில் வராது. சொந்த ஆதாயம் இருப்பது தெரிந்தால் மனு தள்ளுபடியாவதோடு அபராதமும் விழலாம்.

அடுத்தது காகிதம். இங்கேதான் பல வழக்குகள் சறுக்குகின்றன. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மை மங்குவதற்குள் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் தேதியும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதும் எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு, 'இந்த ரோட்டுக்கு நிதி ஒதுக்கப்பட்டதா? எப்போது?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். டோலி தூக்கியவர், அந்தப் பெண், கூடப் போன மாமியார் ஆகியோர் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். படம் எடுக்குமுன் அந்தப் பெண்ணின் சம்மதம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதனால் பாதிக்கப்பட்டவரையே உடன் அழைத்துப் போவது நல்லது.

மனு, அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும். தர்மபுரி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகாது. பரிதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகள் பற்றி வந்த கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று 1983-ல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனாலும் முறையான மனுவே பாதுகாப்பு. குவாரியிலோ செங்கல் சூளையிலோ கொத்தடிமைகள் இருந்தால் வழக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) எழுத்தில் கொடுங்கள்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, ஸ்பீட் போஸ்ட்டில் அதிகாரிகளுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டியும் ரோடு வராவிட்டால் ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட அந்தச் சான்று வேண்டியிருக்கும்.