ஊராரோடு சேர்ந்து லாந்தர் வடிவமைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் பெரும் தட்டுப்பாடு வந்தபோது, இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிச் சனம் ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு விளக்கெரித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் என்ன வேலை செய்யலாம் என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு அனுபவப் பாடம். எனவே, சார்ஜ் செய்யக்கூடிய எல்ஈடி லாந்தர் ஒன்றை இங்குள்ள மக்களோடு சேர்ந்து வடிவமைக்க நினைப்பது மிகச் சரியான எண்ணம். ஆனால் அவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன.

பகலில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் போட்டு, “உங்களுக்கு எப்படிப்பட்ட லாந்தர் வேணும்?” என்று கேட்பது முதல் தவறு. நல்ல வெளிச்சம் வேணும், ரேடியோ வேணும், போன் சார்ஜ் பண்ண வேணும், சைரன் இருந்தால் நல்லது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் சேர்த்தால் விலை ஏறும், பழுதாகும் இடங்களும் கூடும். அதைவிட, “நேற்று இரவு விளக்கை எப்போதெல்லாம் எடுத்தீர்கள்? எங்கே தொங்கவிட்டீர்கள்? யார் கையில் இருந்தது?” என்று கேளுங்கள். முடிந்தால் இரவிலேயே போய்ப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் தேவைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரியும். மன்னார் மாவட்டத்து மடு மாதாவின் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்து கோவிலைச் சுற்றியுள்ள காட்டில் கூடாரமடித்துத் தங்கும் குடும்பத்துக்கு, பிள்ளைகள் தூங்கும்போது கண்ணைக் குத்தாத சிறு வெளிச்சம் விடியும்வரை வேண்டும். வயல் காவலுக்குப் போகிறவருக்குக் கொட்டிலில் தொங்கவிட ஒரு கொக்கி வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததே, அப்படியொரு நேரத்தில் பாடசாலையில் தங்கியிருப்பவர்களுக்குச் சார்ஜ் ஏற்றவே வழி இருக்காது. அவர்களுக்கு ஒரு சார்ஜில் பல இரவுகள் ஓட வேண்டும். போருக்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. இரவில் வெளியே உள்ள கழிப்பறைக்கு ஒரு கையில் பிள்ளையோடு போகும் தாய், மறுகையின் கட்டைவிரலால் மட்டுமே சுவிட்சைத் தேடுவார். கூட்டத்தில் கடைசி வரிசையில் பேசாமல் இருப்பவர் பெரும்பாலும் அவர்தான். அவரிடம் தனியாகப் போய்க் கேட்காவிட்டால் அந்தச் சுவிட்ச் தவறான இடத்திலேயே இருந்துவிடும்.

கூடிய வெளிச்சத்தைத் துரத்துவது

பெட்டியில் பெரிய லூமன் (வெளிச்சத்தின் அளவு) எண்ணை அச்சிடும் ஆசை வடிவமைப்பாளருக்கும் வரும், கடைக்காரருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். 2500 மில்லி அம்பியர்-மணி கொண்ட 18650 எனப்படும் ஓர் உருளை வடிவ லித்தியம் அயன் செல்லில் ஏறத்தாழ 9 வாட்-மணி சக்தி இருக்கும். நல்ல எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் தரும் என்று வைத்தால், 100 லூமனில் இழப்புகள் போக ஏழெட்டு மணித்தியாலம் ஓடும். 10 லூமனுக்கு இறக்கினால், இரவுக்குப் பத்து மணித்தியாலமாக ஒரு கிழமை வரை வரும். சாப்பிடவும் பாய் விரிக்கவும் 10 லூமன் தாராளம். கண்ணும் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் அளப்பதில்லை. சக்தியைப் பாதியாக்கினாலும் கண்ணுக்கு அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது. அதனால் படிகளை 5, 25, 100 லூமன் என்று பெருக்கலில் வையுங்கள். சுவிட்சைப் போட்டதும் மிகக் குறைந்த படியில் தொடங்கட்டும், நடுச்சாமத்தில் யாரும் கண் கூசி எழும்பக் கூடாது.

“தூரத்தில் நிற்கிற யானை தெரிய வேணும்” என்று யாராவது கேட்பார்கள். நியாயமான தேவைதான். ஆனால் லாந்தர் எல்லாப் பக்கமும் ஒளியைப் பரப்புவது. தூரம் பார்க்க, ஒளியைக் குவிக்கும் ரோச் வேண்டும். இரண்டையும் ஒன்றில் அடைத்தால் இரண்டும் அரைகுறையாகும். அதை அவரிடமே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

நிறத்தைக் கடைக்குள் வைத்துத் தேர்வு செய்வதும் இதோடு சேர்ந்த பிழை. 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட நீலம் கலந்த வெள்ளை, கடையில் பளிச்சென்று கவரும். மழை விட்ட இரவில் அதே வெளிச்சத்துக்கு ஈசல் கூட்டமாக வந்து சோற்றில் விழும். நீலக்கூறு குறைந்த 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் வெள்ளைக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். இரண்டையும் ஒரே பிரகாசத்தில் வைத்து, இரவில், மீன் குழம்புச் சாப்பாட்டின் முன் காட்டுங்கள். முள் எந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது என்று சாப்பிடுகிறவர்களே சொல்வார்கள்.

பற்றரி விஷயத்தில் வாக்கெடுப்பு

இங்கே கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். கைப்பிடி, நிறம், வெளிச்சப் படிகள் எல்லாம் ஊர் தீர்மானிக்கலாம். பாதுகாப்பை ஊரின் விருப்பத்துக்கு விட முடியாது. பழைய லப்டொப் பற்றரியிலிருந்து கழற்றிய செல்களைப் போட்டால் மலிவு என்று சொல்வார்கள். பழைய செல்லின் நிலை வெளியே தெரியாது. வெவ்வேறு சார்ஜ் அளவுள்ள செல்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும். இதற்கு “இல்லை” என்றே சொல்லுங்கள்.

மாறாக, பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அதைக் கட்டாயம் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒட்டி மூடிய லாந்தர், செல் செத்த அன்றே குப்பை. ஆனால் இருட்டில் யாராவது ஒருநாள் செல்லைத் தலைகீழாகப் போடத்தான் போகிறார்கள். அதைத் தாங்கும் பாதுகாப்பு சுற்றில் இருக்க வேண்டும்.

வெக்கையையும் யோசியுங்கள். லித்தியம் அயன் செல்லை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் கெடுக்கும். சோலர் தகட்டை லாந்தரின் தலையிலேயே ஒட்டினால், மக்கள் முழு லாந்தரையும் வெயிலில்தான் வைப்பார்கள், வேறு வழியில்லை. போதாததற்கு, பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் தகடு உச்சி வெயிலிலும் இரண்டு வாட்டுக்கு மேல் தராது. தகட்டைத் தனியாகச் செய்து நீளமான வயர் கொடுங்கள்: தகடு கூரையில், லாந்தர் நிழலில். மாரியில் வெயிலை நம்ப முடியாது என்பதால் யூஎஸ்பி வழியும் வேண்டும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் செல் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், நீண்டகாலம் உழைக்கும். அதே பருமனில் கொள்ளளவுதான் குறைவு. எனக்கு அதுவே இங்கு பொருத்தம் என்று படுகிறது. ஒன்று கவனம்: அது ஏறத்தாழ 3.65 வோல்ற்றில் நிரம்பிவிடும். எங்கும் கிடைக்கும் டிபி4056 என்ற சார்ஜர் சிப் 4.2 வோல்ற் வரை ஏற்றும். இரண்டையும் சேர்க்கவே கூடாது.

சில்லறைச் சிக்கனங்கள்

யூஎஸ்பி-சி துளையில், லாந்தர் கொழுவப்பட்டதைச் சார்ஜருக்கு உணர்த்தும் 5.1 கிலோ ஓம் தடைகள் (சிறு மின்தடைகள்) இரண்டு இருக்க வேண்டும். சில சதங்களை மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டாலும் பழைய வகை சார்ஜரில் வேலை செய்யும். ஆனால் இரண்டு முனையும் சி-யாக உள்ள வயரைக் கொழுவினால் சார்ஜ் ஏறாது. லாந்தர் பழுது என்று மக்கள் மூலையில் போட்டுவிடுவார்கள். சோதிக்கும்போது உங்கள் வயரைக் கொண்டு போகாமல், அந்தந்த வீட்டில் இருக்கும் சார்ஜரில் கொழுவிப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் சுற்று இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பதும் அப்படித்தான் மறந்து போகிறது. ஒரு மில்லி அம்பியர் அற்பமாகத் தெரியும். ஆனால் 2500 மில்லி அம்பியர்-மணி செல்லை அது நூறு நாளளவில் காலியாக்கிவிடும். அவசரத்துக்கென்று அலுமாரியில் வைத்த லாந்தர் வெள்ளம் வரும் நாளில் எரியாது.

மழைக்கு, எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் போதும். ரப்பர் மூடி கொஞ்ச நாளில் கிழிந்துவிடும் என்பதால் சார்ஜ் துளையை விளிம்புக்குக் கீழே வையுங்கள்.

முதல் மாதிரிகளை ஒரு மணித்தியாலம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு போகாதீர்கள். அமாவாசையும் மழையும் வந்து போகும்வரை வீடுகளிலேயே இருக்கட்டும். எந்தப் படியில் அதிகம் எரிந்தது, எங்கே விழுந்தது, எந்தப் பிள்ளை எதைக் கழற்றியது என்று பிறகு கேளுங்கள். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளாத யோசனைகளுக்கு, சொன்னவரிடமே காரணம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். அப்புறம், உற்பத்திக்கு அனுப்பும் முன் ஒரு மாதிரியைப் பக்கத்துச் சந்தியில் போன் திருத்தும் கடைக்குக் கொண்டு போங்கள். சாதாரண நட்சத்திர ஆணித்திருப்பியால் திறக்க முடிகிறதா, பலகையில் நேர், எதிர் அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றனவா, சுவிட்ச் உடைந்தால் அவரிடம் இருக்கும் சுவிட்ச் பொருந்துமா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.